பழைய வெப்பநிலைப் பதிவுகளை வைத்து ‘ஆர்’ கற்றுக்கொள்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘ஆர்’ (R) என்ற புள்ளியியல் மென்பொருளைப் பழக வரும் கல்லூரி மாணவர்களும், அலுவலகத்தில் எக்செல் மட்டும் பார்த்துப் பழகியவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பாடம் நடத்த நான் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் ஒரே தரவுதான்: 1659 ஜனவரியில் தொடங்கி இன்றுவரை ஒரு மாதம்கூட விடாமல் வரும் மத்திய இங்கிலாந்து வெப்பநிலைத் தொடர். கட்டளைகளின் பட்டியலை எங்கு வேண்டுமானாலும் படிக்கலாம். ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்தது என்று விசாரிக்கும் பழக்கத்தோடு சேர்த்து மென்பொருளைக் கற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பதில்கள் எல்லாம் அந்த நோக்கில்தான் இருக்கும்.

மத்திய இங்கிலாந்துத் தொடர் என்றால் என்ன? யார் தொகுத்தது?

லங்காஷயர், லண்டன், பிரிஸ்டல் மூன்றையும் இணைத்து ஒரு முக்கோணம் வரைந்தால் உள்ளே வரும் பகுதியின் சராசரி வெப்பநிலை அது. ஒரே ஊரில் ஒரே தெர்மாமீட்டரை வைத்து எடுத்ததல்ல. பல ஊர்களில் பலர் எழுதி வைத்த நாட்குறிப்புகளையும் பதிவேடுகளையும் கார்டன் மான்லி என்ற புவியியல் அறிஞர் பல ஆண்டுகள் உழைத்து ஒட்டவைத்தார். 1953-இலும் 1974-இலும் கட்டுரைகளாக வெளியிட்டார். 1992-இல் பார்க்கரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1772 முதலான தினசரித் தொடரை உருவாக்கினார்கள். இன்று பிரிட்டிஷ் வானிலைத் துறையின் ஹாட்லி மையம் அதைத் தொடர்கிறது. கருவியால் அளந்த வெப்பநிலைத் தொடர்களில் உலகிலேயே மிக நீளமானது இதுதான். யார் வேண்டுமானாலும் இணையத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

கற்றுக்கொள்ள எத்தனையோ தரவு இருக்க, வெப்பநிலையை ஏன் எடுக்க வேண்டும்?

விடை தப்பாக வந்தால் கண்ணிலேயே தெரிந்துவிடும், அதுதான் காரணம். ஒரு நிறுவனத்தின் காலாண்டு விற்பனைச் சராசரி 61 என்று திரையில் வந்தால் அது சரியா தப்பா என்று புதியவருக்குத் தெரியாது. இங்கிலாந்தில் ஜூலை சராசரி 61 என்று வந்தால், ‘இது ஃபாரன்ஹீட்டாக இருக்குமோ’ என்று யாருக்கும் தோன்றும். மைனஸ் 99.9 டிகிரி என்று வந்தால் அப்படி ஒரு குளிர் அங்கே அடித்திருக்க முடியாது என்று பள்ளி மாணவனே சொல்லிவிடுவான். இந்த உள்ளுணர்வு ஒரு வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்து திருத்துவதற்குச் சமம்.

இன்னொன்று, பாடப்புத்தகத்தில் தனித்தனியாகப் படிக்கும் சங்கதிகள் எல்லாம் இதற்குள் ஒன்றாக இருக்கின்றன. பருவகால மாறுபாடு, நீள்காலப் போக்கு, விடுபட்ட மதிப்பு, அளவீட்டுத் துல்லியம், ஒரு மாதம் அடுத்த மாதத்தின் மேல் விடும் நிழல் எல்லாவற்றையும் இதிலேயே பார்க்கலாம்.

எக்செல் போதாதா? பைத்தான் நல்லதா?

மாதச் சராசரிகளை வைத்து ஒரு கோட்டுப்படம் வரைய எக்செல் தாராளமாகப் போதும். தினசரித் தரவுக்கு வந்ததும் சிக்கல் தொடங்கும். எக்செலின் தேதிக் கணக்கு 1900 ஜனவரி 1-இல்தான் ஆரம்பிக்கிறது. 1772-ஆம் ஆண்டுத் தேதியைக் கொடுத்தால் அதை வெறும் எழுத்தாகத்தான் வைத்துக்கொள்ளும். கழிக்கவோ வரிசைப்படுத்தவோ முடியாது. பைத்தானில் பாண்டாஸ் தொகுப்பு நல்ல கருவி. ஆனால் நானோ நொடிக் கணக்கில் இயங்கும், நீண்டகாலம் வழக்கத்தில் இருந்த அதன் தேதி வகை 1677-க்கு முன்னால் போகாது. நம் தொடர் 1659-இல் தொடங்குகிறது. ஆண்டை வெறும் எண்ணாக வைத்து இதைச் சமாளிக்கலாம்தான், ஆனாலும் முதல் வாரத்திலேயே புதியவரை இதில் மாட்டிவிட நான் விரும்புவதில்லை.

‘ஆர்’ இலவசம். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மனும் 1990-களில் தொடங்கியது. பெல் ஆய்வகத்தில் பிறந்த ‘எஸ்’ என்ற மொழியின் வழி வந்தது. புள்ளியியல்காரர்கள் தங்களுக்காகவே கட்டிய மொழி என்பதால் சராசரி, பின்னடைவு (ரெக்ரஷன்), காலத்தொடர் எல்லாம் பிறவியிலேயே உள்ளே இருக்கின்றன. ஆர் ஸ்டுடியோவையும் சேர்த்து நிறுவிக்கொண்டால் எழுதும் கட்டளை, வரும் படம், உள்ள தரவு மூன்றும் ஒரே திரையில் தெரியும்.

புள்ளியியல் மறந்துபோச்சு. தொடங்கலாமா?

தாராளமாக. +2 வணிகக் கணிதத்தில் நகரும் சராசரி போட்டது நினைவிருந்தால் அதுவே கூடுதல்.

நிறுவியாயிற்று. முதலில் எதைத் தட்ட வேண்டும்?

இணையத்துக்கே போக வேண்டாம். ‘ஆர்’ வரும்போதே தன்னோடு சில தரவுகளைக் கொண்டுவருகிறது. அவற்றில் ஒன்று நாட்டெம். என், ஓ, டி, டி, இ, எம் என்ற ஆறு எழுத்துகளைச் சிறிய எழுத்தில் தட்டி என்டர் கொடுங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை ‘ஆர்’ கறாராகப் பார்க்கும் என்பதை இங்கேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாட்டிங்ஹாம் கோட்டையில் 1920 முதல் 1939 வரை எடுத்த மாதச் சராசரிகள், ஆண்டுக்கு ஒரு வரிசையாக 20 வரிசை, மொத்தம் 240 எண்கள் திரையில் வரும்.

முதல் வரிசையைப் பாருங்கள். 1920 ஜனவரி 40.6, பிப்ரவரி 40.8, மார்ச் 44.4, ஏப்ரல் 46.7 என்று போகும். ஜனவரியில் 40 என்றால் இது ஃபாரன்ஹீட். மொத்தத் தொடரிலிருந்தும் 32-ஐக் கழித்து, 5-ஆல் பெருக்கி, 9-ஆல் வகுக்கச் சொல்லி ஒரே வரி எழுதுங்கள். 240 எண்ணும் ஒரே நொடியில் செல்சியஸாக மாறிவிடும், 40.6 இப்போது 4.8 ஆகியிருக்கும். ஒவ்வொரு அறையாக இழுத்து நிரப்பும் எக்செல் பழக்கம் விட்டுப்போவது இந்த இடத்தில்தான். அடைப்புக்குறியை மறந்தால் 32-ஐ 5-ஆல் பெருக்கி 9-ஆல் வகுத்து, அதைப் போய்க் கழிக்கும், ஜனவரி 22.8 டிகிரி ஆகிவிடும். இங்கிலாந்து ஜனவரியில் 22.8 டிகிரி வராது என்று உங்களுக்கே தெரியும் என்பதால் தப்பு அங்கேயே பிடிபடும்.

அடுத்து மாதவாரியாக ஒரு பாக்ஸ் பிளாட் (மதிப்புகளின் பரவலைப் பெட்டியாகக் காட்டும் படம்) போடுங்கள். ‘சைக்கிள்’ என்ற கட்டளை ஒவ்வொரு எண்ணும் எந்த மாதத்துக்கு உரியது என்று 1 முதல் 12 வரை குறித்துத் தரும். ஜனவரி, பிப்ரவரிப் பெட்டிகள் கீழே, ஜூலைப் பெட்டி உச்சியில் என ஒரு மலை எழும். இடைநிலை அளவு, கால்மானம் எல்லாம் வரையறையாக இல்லாமல் உருவமாகப் புரிவது இந்தப் படத்தில்தான். ‘எஸ்.டி.எல்.’ கட்டளையைக் கொடுத்தால் அதே தொடரைப் பருவகாலம், போக்கு, மிச்சம் என்று மூன்றாகப் பிரித்துக் காட்டும். இந்த 20 ஆண்டில் பருவகாலம் எவ்வளவு பெரிது, போக்கு எவ்வளவு சிறிது என்பதைப் படத்தின் ஓரத்தில் நிற்கும் அளவுக் கட்டைகளை ஒப்பிட்டுப் பாருங்கள்.

மத்திய இங்கிலாந்துக் கோப்பை இறக்கினேன். ஆண்டுச் சராசரி போட்டால் கடைசி ஆண்டு மட்டும் பனியுகம்போல் விழுகிறது. ஏன்?

இந்தக் கேள்வி வராத வகுப்பே இல்லை. மாதக் கோப்பில் ஆண்டு, பன்னிரண்டு மாதம், கடைசியில் ஆண்டுச் சராசரி என்று பத்திகள் இருக்கும். இன்னும் முடியாத மாதங்களுக்கு மைனஸ் 99.9 என்று போட்டிருப்பார்கள். ‘இங்கே தரவு இல்லை’ என்பதற்கான குறி அது. மென்பொருளுக்கு அது தெரியாது, எண்ணாகவே எடுத்துக்கொள்ளும்.

கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள். பதினோரு மாதத்தின் சராசரி 10.8 என்று வைத்துக்கொள்வோம், கூட்டினால் 118.8. டிசம்பர் இடத்தில் மைனஸ் 99.9. மொத்தம் 18.9. பன்னிரண்டால் வகுத்தால் 1.6 டிகிரி! ஒரே ஒரு விடுபட்ட மாதம் ஒரு ஆண்டையே உறையவைத்துவிடும்.

கோப்பைப் படிக்கும்போதே ‘இந்த எண் வந்தால் விடுபட்டது என்று எடுத்துக்கொள்’ என்று சொல்லிவிடுவதுதான் சரியான வழி. ‘ரீட் டேபிள்’ கட்டளையில் அதற்கென்றே ஓர் இடம் உண்டு. கோப்பின் தலையில் உள்ள விளக்க வரிகளைத் தாண்டச் சொல்லவும் இடம் உண்டு. அப்படிச் செய்த பிறகு சராசரி கேட்டால், விடை எண்ணாக வராமல் ‘என்.ஏ.’ (மதிப்பு இல்லை) என்று வரும். நிறையப் பேர் எரிச்சலடைந்து, விடுபட்டதைத் தள்ளிவிட்டுக் கணக்கிடும் விருப்பத்தை உடனே இயக்கிவிடுகிறார்கள். சற்று நில்லுங்கள். ஜனவரி முதல் ஆகஸ்டு வரை உள்ள எட்டு மாதத்தின் சராசரியை ஆண்டுச் சராசரி என்று சொல்லலாமா? குளிர் மாதங்கள் பாதி வராத கணக்கு அது. முடியாத ஆண்டை அப்படியே விட்டுவிடுவதுதான் நேர்மை.

பழைய வடிவத்தில் உள்ள தினசரிக் கோப்புகளில் இன்னொரு குறி உண்டு. நாளுக்கு ஒரு வரிசை, மாதத்துக்கு ஒரு பத்தி என்று கட்டம் போட்டதால் பிப்ரவரி 30-க்கும் ஓர் அறை இருக்கும். அதில் மைனஸ் 999 இருக்கும். எண்களும் பத்தில் ஒரு டிகிரியில் இருக்கும்; 74 என்றால் 7.4. தரவோடு வரும் விளக்கக் குறிப்பைப் படிக்காமல் முதல் கட்டளையைத் தட்டாதீர்கள்.

பன்னிரண்டு பத்தியாக இருப்பதை ஏன் ஒரே பத்தியாக மாற்றச் சொல்கிறார்கள்?

வரைபடக் கட்டளைகளும் காலத்தொடர்க் கட்டளைகளும் ஒரு வரிசைக்கு ஓர் அளவு என்ற அமைப்பைத்தான் விரும்புகின்றன. ஆண்டு, மாதம், வெப்பநிலை என்று மூன்றே பத்தி. ‘பிவட் லாங்கர்’ இதை ஒரே வரியில் செய்யும். மாற்றிய பிறகு வரிசை எண்ணிக்கையைப் பாருங்கள். ஆண்டுகளின் எண்ணிக்கையை 12-ஆல் பெருக்கினால் வருவதும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும்.

‘மிகக் குளிரான குளிர்காலம் எது?’ என்று ஒரு பயிற்சி கொடுத்தீர்கள். எனக்கும் நண்பருக்கும் வேறு வேறு விடை வருகிறது.

டிசம்பரில் தடுமாறியிருப்பீர்கள். குளிர்காலம் என்பது டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி. அந்த டிசம்பர் முந்தைய ஆண்டைச் சேர்ந்தது. ஆண்டுவாரியாகக் குழு பிரித்து 12, 1, 2 மாதங்களை எடுத்தால், 1963 ஜனவரி, பிப்ரவரியோடு 1963 டிசம்பர் ஒட்டிக்கொள்ளும். ஒன்பது மாதம் கழித்து வந்த வேறொரு குளிர்காலத்தின் தொடக்கம் அது. ஆகவே ‘குளிர்கால ஆண்டு’ என்று தனிப் பத்தி ஒன்றை உருவாக்குங்கள்: மாதம் 12 என்றால் ஆண்டோடு 1 கூட்டு, இல்லையென்றால் ஆண்டை அப்படியே விடு. பிறகு அந்தப் பத்தியை வைத்துக் குழு பிரியுங்கள்.

சரியாகச் செய்தால் சராசரி பூஜ்ஜியத்துக்குக் கீழே போன குளிர்காலங்கள் மூன்றே கிடைக்கும்: 1683–84, 1739–40, 1962–63. முதலிடம் 1683–84-க்கு. லண்டனில் தேம்ஸ் நதி உறைந்து, அதன்மேல் கடைபோட்டுச் சந்தை நடத்திய குளிர் அது.

இப்போது அந்த மூன்று மாதத்தின் எண்களை மட்டும் எடுத்துப் பாருங்கள். 1683 டிசம்பர் 0.5. 1684 ஜனவரி மைனஸ் 3.0. பிப்ரவரி மைனஸ் 1.0. சராசரி மைனஸ் 1.2. மூன்று எண்ணுமே அரை டிகிரியிலோ முழு டிகிரியிலோ முடிகின்றன. தற்செயல் அல்ல, அந்தக் காலத்து மதிப்புகளை அதற்குமேல் நுணுக்கமாகச் சொல்ல மான்லிக்குச் சான்று இல்லை, அதனால் அப்படியே விட்டார். அதே தொடரில் மிகக் குளிரான மாதம் எது என்று கேட்டால் மென்பொருள் 1795 ஜனவரியைக் காட்டும்: மைனஸ் 3.1. அடுத்து 1684 ஜனவரி, மைனஸ் 3.0. 1795-ஐப் பத்தில் ஒரு டிகிரி வரை சொல்லலாம். 1684-ஐ அரை டிகிரிக்குமேல் சொல்ல முடியாது. இரண்டில் எது அதிகக் குளிர் என்று இந்த எண்களை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. வரிசைப்படுத்தும் கட்டளை மட்டும் கேள்வியே கேட்காமல் ஒன்றை மேலேயும் ஒன்றைக் கீழேயும் வைத்துவிடும்.

இதை நீங்களே கண்டுபிடிக்கவும் ஒரு வழி உண்டு. ஒவ்வொரு மதிப்பின் தசமப் பகுதியை மட்டும் பிரித்து, கால்நூற்றாண்டு வாரியாக அட்டவணை போடுங்கள். தொடக்க வரிசைகளில் பூஜ்ஜியமும் ஐந்தும் குவிந்து கிடக்கும். 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு வந்தால் பத்து இலக்கங்களும் ஏறக்குறையச் சமமாகப் பரவியிருக்கும். நாலு வரிக் கட்டளையில் 300 ஆண்டுக்கு முந்தைய அளவீட்டின் தரம் வெளியே வந்துவிடுகிறது. இந்தத் தொடரில் எனக்கு மிகப் பிடித்த பயிற்சி இதுதான்.

அந்தக் காலத்துத் தெர்மாமீட்டரை நம்பலாமா?

நம்பலாம், ஆனால் எல்லாக் காலத்தையும் ஒரே அளவுக்கு நம்பக் கூடாது. 1723-இல் ராயல் சொசைட்டியின் செயலாளராக இருந்த ஜேம்ஸ் ஜூரின், தெர்மாமீட்டரை வடக்குப் பார்த்த, நெருப்பு மூட்டாத அறைக்குள் வைக்கச் சொன்னார். வீட்டுக்குள் வைத்தால் பகல் உச்சமும் இரவுக் குளிரும் மழுங்கிவிடும். பிறகு வடக்குச் சுவரில் மாட்டினார்கள். கலங்கரை விளக்கப் பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன் வடிவமைத்த, பக்கமெல்லாம் சாய்சட்டம் வைத்த வெள்ளைப் பெட்டி 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பரவியது. கருவி ஒன்றே என்றாலும் இடம் மாறினால் எண் மாறும். மான்லியின் உழைப்பில் பெரும்பகுதி, இந்த மாற்றங்களைக் கண்டுபிடித்து ஒரே அடிப்படைக்குக் கொண்டுவருவதில்தான் போனது.

நாட்காட்டிச் சிக்கலும் உண்டு. பிரிட்டன் 1752 செப்டம்பரில்தான் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறியது. 11 நாட்களைத் தாண்டிக் குதித்தது. அதற்கு முந்தைய நாட்குறிப்பில் உள்ள ‘ஜனவரி’ இன்றைய ஜனவரியோடு பொருந்தாது. மான்லி தன் தொடரை இன்றைய நாட்காட்டிக்கே மாற்றிக் கொடுத்திருக்கிறார். வேறு ஊரின் பழைய பதிவேட்டை நீங்களாகவே எடுத்து ஒப்பிடப்போனால் இதைக் கவனியுங்கள்.

நகரமயமாக்கலையும் கணக்கில் எடுத்திருக்கிறார்கள். 1974-க்குப் பிறகான மதிப்புகளில் நகரச் சூட்டுக்காகச் சிறு கழிவு செய்கிறார்கள். சராசரி வெப்பநிலையில் 0.2 டிகிரி. நிலையங்களும் மாறியிருக்கின்றன, இப்போது ராதம்ஸ்டெட், பெர்ஷோர், ஸ்டோனிஹர்ஸ்ட். ‘சூடு கூடியதெல்லாம் கட்டடங்களால்தான்’ என்று யாராவது சொன்னால் இந்தக் கழிவைக் காட்டலாம்.

நகரும் சராசரி நேற்று வேலை செய்தது. இன்று அதே கட்டளை பிழை காட்டுகிறது. என்ன ஆயிற்று?

‘ஃபில்டர்’ கட்டளையைத்தானே பயன்படுத்தினீர்கள்? இடையில் ‘டிப்ளையர்’ தொகுப்பை ஏற்றியிருப்பீர்கள். அதிலும் ஃபில்டர் என்ற பெயரில் ஒன்று உண்டு. அது வரிசைகளைப் பொறுக்கி எடுப்பது. பின்னால் வந்தது முன்னால் இருந்ததை மறைத்துவிட்டது. ‘ஸ்டாட்ஸ்’ என்று தொகுப்பின் பெயரை எழுதி, இரண்டு முக்காற்புள்ளி போட்டு, அப்புறம் ஃபில்டர் என்று எழுதினால் பழையதே வரும். தொகுப்பை ஏற்றும்போது சிவப்பு எழுத்தில் வரும் அறிவிப்பில் இது சொல்லப்பட்டிருக்கும், யாரும் படிப்பதில்லை.

10 ஆண்டு நகரும் சராசரி போட்டால் இரு முனையிலும் சில ஆண்டுகள் காணாமல் போகும், அது இயல்பு. அந்த இடைவெளியை நிரப்புகிறேன் என்று கடைசி இரண்டு மூன்று ஆண்டுகளின் சராசரியை ஒட்டவைக்காதீர்கள். எல்லோரும் உற்றுப் பார்க்கும் முனையில்தான் அந்தத் தப்பு வந்து உட்காரும்.

போக்குக் கோடு வரைந்தால் விடை கிடைத்துவிடுமா?

‘எல்.எம்.’ கட்டளையில் ஆண்டையும் வெப்பநிலையையும் கொடுத்தால் ஒரு சரிவு எண் வரும். அதை 100-ஆல் பெருக்கினால் நூற்றாண்டுக்கு எத்தனை டிகிரி என்று கிடைக்கும். இதோடு நிறுத்தாதீர்கள். அதே கட்டளையை நான்கு வெவ்வேறு தொடக்க ஆண்டுகளில் ஓடவிடுங்கள்: 1659, 1695, 1735, 1900. நான்கு விடைகளும் வேறு வேறாக இருக்கும். ஏன் என்பதைத் தெரிந்துகொள்ளத் தொடரின் கதை தெரிய வேண்டும்.

1690-கள் இங்கிலாந்தின் மிகக் குளிரான பத்தாண்டு. ஆண்டுச் சராசரி 8 டிகிரியை ஒட்டித்தான் நின்றது. 1730-களில் அது 10 டிகிரியை நெருங்கியது. 40 ஆண்டில் அவ்வளவு ஏற்றம்! அந்த ஏற்றத்தை மட்டும் வெட்டி எடுத்துக் காட்டி, ‘தொழிற்சாலை வருமுன்பே இப்படிச் சூடேறியதே’ என்று வாதாடுவோர் உண்டு. அடுத்து நடந்ததையும் அவர்கள் காட்ட வேண்டும். 1740 வந்தது. மொத்தத் தொடரிலும் ஆண்டுச் சராசரி 7 டிகிரியைக்கூட எட்டாத ஒரே ஆண்டு அது. பக்கத்துத் தீவான அயர்லாந்தில் உருளைக்கிழங்கும் தானியமும் பொய்த்து 1740–41-இல் பெரும் பஞ்சம் வந்தது. வெதுவெதுப்பான பத்தாண்டு அத்தோடு முறிந்தது. ஒரு சிறிய நிலப்பகுதியின் வெப்பநிலை, காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்பதைப் பொறுத்தே இப்படி ஆடும். உலகச் சராசரி இவ்வளவு ஆடாது.

இப்போது மறுமுனையைப் பாருங்கள். 1961–90 சராசரி 9.5 டிகிரி. ஆண்டுச் சராசரி 11 டிகிரியைத் தாண்டிய முதல் ஆண்டு 2022. 360 ஆண்டுக்கு மேற்பட்ட பதிவில் அதற்குமுன் ஒருமுறைகூட அது நடக்கவில்லை. 1730-களின் ஏற்றம் ஏறி இறங்கியது. 1980-களின் பிற்பகுதியில் தொடங்கியது இறங்கவில்லை. நேர்கோட்டால் இந்த வேறுபாட்டைக் காட்ட முடியாது. ‘லோயெஸ்’ போன்ற வளைகோட்டைப் புள்ளிகளின்மேல் போட்டுப் பாருங்கள், பளிச்சென்று தெரியும். தொடக்க ஆண்டை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று சொல்லாத எந்தப் போக்குக் கோட்டையும், அது யாருடைய கட்சிக்குச் சாதகமாக இருந்தாலும், நான் ஏற்பதில்லை.

‘பி’ மதிப்பு மிகச் சிறியதாக வந்தது. அப்படியானால் உறுதிதானே?

அவசரப்பட வேண்டாம். போக்கே இல்லாவிட்டாலும் இப்படியொரு சரிவு தற்செயலாக வந்துவிடும் வாய்ப்பைச் சொல்வதுதான் ‘பி’ மதிப்பு. ஒவ்வொரு அளவும் மற்றதைச் சாராதது என்று எண்ணித்தான் எல்.எம். அந்த மதிப்பைத் தருகிறது. வெப்பநிலை அப்படி இல்லை. சுற்றியுள்ள கடல் சூட்டை எளிதில் விடாது. சூடான மாதத்தை அடுத்து சூடான மாதம் வரும் வாய்ப்பு அதிகம். கோட்டிலிருந்து மிஞ்சிய எச்சங்களை எடுத்து ‘ஏ.சி.எஃப்.’ படம் போடுங்கள்; ஓர் அளவு அடுத்தடுத்த அளவுகளோடு எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று அது காட்டும். முதல் சில குச்சிகள் புள்ளிக்கோட்டுக்கு மேலே நின்றால் சார்பு இருக்கிறது என்று பொருள். உங்களிடம் இருக்கும் தகவல், வரிசைகளின் எண்ணிக்கை சொல்வதைவிடக் குறைவு. திட்டப் பிழை (சரிவு எண் எவ்வளவு தள்ளாடலாம் என்ற அளவு) உண்மையில் இன்னும் பெரியது. ‘ஆர்’ உடனேயே வரும் ‘என்.எல்.எம்.இ.’ தொகுப்பில் ‘ஜி.எல்.எஸ்.’ என்ற கட்டளை இந்தச் சார்பையும் சேர்த்துக் கணக்கிடும். இரண்டு விடையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நாட்டிங்ஹாமையும் மத்திய இங்கிலாந்தையும் ஒப்பிட்டேன். ஒட்டுறவு (கோரிலேஷன்) ஏறக்குறைய 1. அருமையான பொருத்தம்தானே?

நாட்டிங்ஹாமுக்குப் பதில் டோக்கியோவின் மாதச் சராசரியை வைத்துப் பாருங்கள்; அப்போதும் மிக உயர்ந்த எண்தான் வரும். இரண்டு ஊரிலும் ஜனவரி குளிர், ஜூலை சூடு, அவ்வளவுதான் அந்த எண்ணுக்குள் இருக்கிறது. பருவகாலத்தை முதலில் நீக்குங்கள். ஒவ்வொரு மாதத்துக்கும் அதன் சொந்த நீண்டகாலச் சராசரியைக் கழித்து, விலகலை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி கேளுங்கள். பக்கத்து ஊர்களுக்கு அப்போதும் ஒட்டுறவு உயர்ந்தே இருக்கும். டோக்கியோவுக்கு அது கரைந்துவிடும்.

1815-இல் இந்தோனேசியாவின் டம்போரா எரிமலை வெடித்து அடுத்த ஆண்டுக் கோடையையே குளிர்வித்ததே, அது தரவில் தெரிகிறதா?

தெரிகிறது. 1816 ஜூலை 13.4 டிகிரி, தொடரிலேயே மிகக் குளிரான ஜூலை அதுதான். ஆனால் மிகக் குளிரான கோடைக்காலம் 1816 அல்ல, 1725; சராசரி 13.1 டிகிரி. புகழ்பெற்ற ஒரு நிகழ்வை மனதில் வைத்துத் தரவைத் தேடினால் அதற்கு ஏற்ற எண் கிடைக்கத்தான் செய்யும். முழு வரிசையையும் எடுத்துப் பார்ப்பது நல்லது.

ஏஐ கருவியே கட்டளை எழுதித் தருகிறது. பிறகு எதற்கு நான் கற்க வேண்டும்?

கட்டளையை அது எழுதட்டும், தடையில்லை. எட்டு மாதச் சராசரியை ஆண்டுச் சராசரி என்று ஏற்கலாமா, எந்த ஆண்டில் கோட்டைத் தொடங்குவது, 1684-இன் மைனஸ் 3.0-ஐ எவ்வளவு நம்புவது ஆகியவற்றை முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள். வந்த விடை சரியா என்று பார்க்கும் கண் உங்களுக்கு வேண்டும். அந்தக் கண்ணைப் பழக்குவதற்குத்தான் இத்தனையும்.

நம் ஊர்த் தரவை வைத்துச் செய்ய முடியாதா?

முடியும், செய்யவும் வேண்டும். நுங்கம்பாக்கத்தில் 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனி நிறுவிய வானாய்வகத்தில் 1796 முதல் வானிலைக் குறிப்புகள் எழுதப்பட்டன. ஆசியாவில் அவ்வளவு பழமையான பதிவு கிடைப்பது அரிது. அமெரிக்காவின் ‘நோவா’ அமைப்பு பராமரிக்கும் உலகளாவிய வரலாற்றுத் தொகுப்பில் சென்னை நிலையத்தின் மாதத் தரவு உண்டு. இந்திய வானிலைத் துறையின் புனே அலுவலகம், 1951 முதலான தினசரி அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பநிலையை ஒரு டிகிரிக் கட்டங்களாகப் பிரித்து இணையத்தில் வைத்திருக்கிறது.

இரண்டு விஷயம் கவனியுங்கள். சென்னையின் மாதவாரிப் பாக்ஸ் பிளாட் நாட்டிங்ஹாம் மாதிரி ஜூலையில் உச்சம் தொடாது. மே, ஜூனில் ஏறி, தென்மேற்குப் பருவக்காற்று வந்ததும் மெல்ல இறங்கும். மொத்த ஏற்ற இறக்கமும் சிறியது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை என்ற இங்கிலாந்துப் பருவப் பிரிவை அப்படியே ஒட்டினால் பொருளிருக்காது; வடகிழக்குப் பருவமழைக் காலத்தைத் தனியாகப் பிரியுங்கள். அடுத்தது, மாதச் சராசரி எதையெல்லாம் மறைக்கிறது என்பது இங்கே இன்னும் முக்கியம். 2003 மே 31-இல் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அந்த நாள் மே மாதச் சராசரிக்குள் 31-இல் ஒரு பங்காகக் கரைந்துவிடும். வெயிலின் கொடுமையைப் பற்றிய கேள்வி என்றால் தினசரி அதிகபட்சத்தை எடுத்து, 40-ஐத் தாண்டிய நாட்களை ஆண்டுவாரியாக எண்ணுங்கள்.

மாதத் தரவில் இதெல்லாம் பழகிவிட்டேன். அடுத்து?

மத்திய இங்கிலாந்தின் தினசரி அதிகபட்ச, குறைந்தபட்சத் தொடர் 1878 முதல் கிடைக்கிறது. குறைந்தபட்சம் பூஜ்ஜியத்துக்குக் கீழே போன இரவுகளை ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் எண்ணிப் பாருங்கள். டிசம்பரை அடுத்த ஆண்டோடு சேர்க்க மறக்காதீர்கள்; நவம்பரிலும் மார்ச்சிலும் உறைபனி விழும் என்பதால் ஜூலை முதல் ஜூன் வரை ஓர் ஆண்டாக வைத்துக்கொள்வது இன்னும் வசதி. வருவது எண்ணிக்கைத் தரவு. அதற்கு எல்.எம். ஏன் ஏற்றதல்ல, ‘ஜி.எல்.எம்.’ கட்டளையில் பாய்சான் குடும்பம் (எண்ணிக்கைகளுக்கான பரவல்) எதற்காக இருக்கிறது என்ற கேள்வி தானாக எழும். அங்கிருந்து தொடருங்கள்.